80 ஹெர்ட்ஸ் பள்ளத்தை நிரப்பாதீர்கள்
வணக்கம். 12 அடி நீள அறையில் பேஸ் (தாழ்ந்த ஒலி) முழங்குகிறது, அறைக்கு ஏற்ப ஸ்பீக்கர் ஒலியைத் தானே திருத்தும் ஆட்டோ கரெக்‌ஷன் போட்டதும் ஆம்ப் திணறுகிறது, குரலும் உயிரற்றுப் போனது என்கிறீர்கள்.

எந்த அதிர்வெண்ணில் ஒலி எவ்வளவு என்று காட்டும் உங்கள் கிராஃபில் 47 ஹெர்ட்ஸில் உள்ள மேடு அறையின் நீளத்தால் வருவது. ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதை நீளத்தின் இரு மடங்கான 7.3 மீட்டரால் வகுத்தால் அதே 47. இதை ஃபில்டர் போட்டுத் தாராளமாகக் குறைக்கலாம்.

அதே கிராஃபில் 80 ஹெர்ட்ஸில் ஒலி குறைந்து விழும் பள்ளம் வேறு விஷயம். ஸ்பீக்கருக்கும் பின்சுவருக்கும் மூன்றரை அடி என்று எழுதியிருக்கிறீர்கள். 80 ஹெர்ட்ஸின் கால் அலைநீளமும் கிட்டத்தட்ட அதுதான். சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேரடி அலையை அந்த அதிர்வெண்ணில் அழித்துவிடுகிறது. பள்ளத்தை நிரப்ப 80 ஹெர்ட்ஸை ஏற்ற ஏற்ற அந்தத் திரும்பும் அலையும் ஏறும், பள்ளம் அப்படியே இருக்கும். 10 டெசிபல் ஏற்ற 10 மடங்கு பவர் வேண்டும். ஆம்ப் திணறாமல் என்ன செய்யும்? ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டித் தள்ளி மறுபடி அளந்து பாருங்கள். பேஸ் கூடினால் கூடட்டும், அதைக் குறைப்பது சுலபம்.

அப்புறம், கரெக்‌ஷனை 300 ஹெர்ட்ஸோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் நல்ல ஸ்பீக்கரை அதன் போக்கில் விடுவதே நல்லது. குரல் பெரும்பாலும் அதிலேயே திரும்பிவிடும்.