சம்பளம் யார் தருகிறார்கள் என்று முதலில் பாருங்கள்

அமெரிக்காவில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (மருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்கான புள்ளியியல்) பிஎச்டி முடிக்கப் போகிறீர்கள், எஃப்-1 மாணவர் விசா. பொதுச் சுகாதாரப் பள்ளியில் உதவிப் பேராசிரியர் வேலையா, போஸ்ட்டாக்கா (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சிப் பணி) என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலைக் கடிதத்தை எடுத்துச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். புள்ளியியல் துறை என்றால் பொதுவாக ஒன்பது மாதச் சம்பளத்தைப் பல்கலைக்கழகமே தந்துவிடும். பொதுச் சுகாதாரப் பள்ளிகளில் பெரும்பாலும் பன்னிரண்டு மாதக் கணக்கு. அதில் கணிசமான பங்கை நீங்களே ஆராய்ச்சி நிதியிலிருந்து கொண்டுவர வேண்டும். 'சாஃப்ட் மணி' என்பார்கள், பெயர்தான் சாஃப்ட். எத்தனை ஆண்டு முழுச் சம்பளம் உறுதி, நிதி நின்றால் யார் ஈடுகட்டுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்த நமக்கு ஒரு வசதி, மருத்துவர்களின் ஆய்வுகளில் 10%, 15% என்று நேரம் ஒதுக்கிச் சம்பளத்தைத் தேற்றிவிடலாம். ஆனால் ஆறேழு பேருக்கு மாதிரி அளவு (ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும்) கணக்குப் போட்டே வாரம் ஓடிவிட்டால் புதிய புள்ளியியல் முறைகள் பற்றிய சொந்தக் கட்டுரை எப்போது எழுதுவது? பணி நிரந்தரத்துக்கு அதையும்தான் பார்ப்பார்கள்.

போஸ்ட்டாக்கின் பெரிய லாபம் என்ஐஹெச்சின் (அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) கே99/ஆர்00 நிதி. போஸ்ட்டாக்கில் தொடங்கி, பேராசிரியர் வேலைக்குப் போன பிறகும் தொடரும் நிதி இது. அதற்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ தேவையில்லை, என்ஐஹெச்சின் இன்னொரு இளம் ஆராய்ச்சியாளர் நிதியான கே01-க்குத் தேவை. பேராசிரியராகச் சேர்ந்துவிட்டால் கே99-க்கு விண்ணப்பிக்க முடியாது.

என்னைக் கேட்டால், மூன்று ஆண்டு முழுச் சம்பளம் உறுதியென்றால் வேலையில் சேருங்கள். ஓராண்டுதான் என்றால் போஸ்ட்டாக். அப்புறம், எஃப்-1 முடிந்ததும் ஹெச்-1பி வேலை விசா பற்றிப் பதற வேண்டாம். பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டு உச்சவரம்பும் குலுக்கலும் கிடையாது.