ஆட்டுக்குட்டியை அடித்த கயோட்டிக்கு எந்தத் துப்பாக்கி?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன், சரியா பாருங்கள். சான் ஆன்டோனியோவில் வேலை. பிளாங்கோ பக்கம் நண்பரோடு சேர்ந்து 15 ஏக்கர் வாங்கி ஆடு விட்டிருக்கிறீர்கள். ஒரு மாதத்தில் இரண்டு குட்டி போய்விட்டது. நரியைவிடப் பெரிய காட்டு நாய் வகையான கயோட்டியைச் சுட .223 தோட்டாத் துப்பாக்கி போதுமா, .22-250 வாங்க வேண்டுமா, கடைக்காரர் சொல்கிற .243 எதற்கு? கடைசி வரியில் போகிறபோக்கில் "நான் ஹெச்-1பி, அதனால் ஏதும் சிக்கல் வருமா அக்கா" என்று ஒன்று. அதுதான் முதல் கேள்வி. அதை முடித்துவிட்டுத் தோட்டாவுக்கு வருகிறேன்.

சிக்கல் வரும். அமெரிக்க மத்திய சட்டப்படி ஹெச்-1பி, எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. துப்பாக்கி என்ன, ஒரே ஒரு தோட்டா சட்டைப் பையில் கிடந்தாலும் குற்றம். இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. நம்மைப் போன்றவர்களுக்குப் பயன்படுவது, கையில் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது. டெக்சாஸில் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து குடியிருந்தால் உள்ளூர்வாசிக் கட்டணம், 25 டாலர். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். 17 வயது நிரம்பியவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கலாம்.

இதில் நம் ஆட்கள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. "ஆட்டை அடிக்கிற கயோட்டியைச் சுட லைசென்ஸே வேண்டாம்" என்று பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்வார். டெக்சாஸ் சட்டப்படி அவர் சொல்வது சரிதான். ஆனால் அவர் குடிமகன். உங்களுக்கு அந்த உரிமம் கயோட்டிக்காக வேண்டாம், துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதற்கே வேண்டும். அது எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். செப்டம்பர் 1 காலையில் புது உரிமம் இல்லாமல் அலமாரியில் ரைபிள் இருந்தால், நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே மத்தியச் சட்டத்தை மீறியவர் ஆகிவிடுகிறீர்கள். துப்பாக்கிக் குற்றம் நிரூபணமானால் கிரீன் கார்டு கனவு மட்டுமல்ல, இருக்கிற இருப்பே போகும். மனைவி ஹெச்-4, அதாவது உங்களைச் சார்ந்த விசாவில், என்றால் அவருக்கும் இதே கதை, அதனால் துப்பாக்கிப் பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். வாங்குவதற்கு முன்னால் உங்கள் குடிவரவு வக்கீலிடம் ஒரு அரை மணி நேரம் பேசிவிடுங்கள். அந்தக் காசு எந்த ஸ்கோப்பையும்விட (துப்பாக்கி மேல் வைக்கிற குறிநோக்கி) நல்ல முதலீடு.

இனி கயோட்டி. (எங்கள் பக்கத்துக் கிழவர்கள் "கையோட்" என்றுதான் சொல்வார்கள், கடைசி எழுத்தை முழுங்கிவிடுவார்கள். நீங்களும் அப்படிச் சொல்லிப் பாருங்கள், கடையில் மரியாதை கூடும்.)

நாங்கள் நிலம் வாங்கியது 2009-இல். எங்கள் முதல் துப்பாக்கி .22 லாங் ரைபிள். விலை குறைவு, சத்தம் குறைவு, தோள் வலிக்காது என்று வாங்கினோம். அந்த மார்கழிக் குளிரில் என் வீட்டுக்காரர் 80 கெஜத்தில் நின்ற ஒரு கயோட்டியைச் சுட்டார். பட்டது, நான் பார்த்தேன். துள்ளி விழுந்து, எழுந்து, ஓடிவிட்டது. இரண்டு நாள் கழித்து ஒரு சீடர் (cedar) மரத்தின் அடியில் கிடந்தது. அந்த இரண்டு நாளும் அது பட்ட பாட்டை நினைத்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. சிவகங்கைச் சீமையில் கிடை போட்ட குடும்பம் எங்களுடையது. அப்பா நரியை விரட்டுவார், வைவார், ஆனால் குற்றுயிராக விட்டதில்லை.

பிழை எங்கே என்று சொல்கிறேன். நாங்கள் எண்ணைப் பார்த்து ஏமாந்தோம். .22 என்றாலும் .223 என்றாலும் குழலில் போகிற குண்டின் பருமன் கிட்டத்தட்ட ஒன்றுதான், 5.7 மில்லிமீட்டர். வித்தியாசம் அதன் பின்னால் இருக்கிற மருந்தில். .22 லாங் ரைபிள் 40 கிரெயின் குண்டை விநாடிக்குச் சுமார் 1,200 அடி வேகத்தில் தள்ளும். .223 ரெமிங்டன் 55 கிரெயின் குண்டை 3,240 அடி வேகத்தில் தள்ளும். ஒலியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அடிக்கிற ஆற்றல் ஒன்பது பத்து மடங்கு கூடிவிடுகிறது. 55 கிரெயின் என்றால் எவ்வளவு என்று கேட்டால், மூன்றரை கிராம். நம் கணக்கில் அரைப் பவுனுக்கும் கொஞ்சம் குறைவு. அவ்வளவு சிறிய பொருள் ஒரு மிருகத்தை நின்ற இடத்தில் சாய்ப்பது வேகத்தால்தான்.

கயோட்டி படங்களில் ஓநாய் மாதிரி தெரியும். கையில் தூக்கினால் பதினோரு பன்னிரண்டு கிலோவிலிருந்து பதினெட்டு கிலோ வரைதான், மிச்சமெல்லாம் குளிர்கால முடி. அதற்கு .30-06 மாதிரி பெரிய தோட்டா தேவையே இல்லை. ஆனால் .17 ஹெச்எம்ஆர், .22 மேக்னம் போன்ற சின்னவையும் இதற்குச் சரிவராது. அவை கோழியைத் தூக்குகிற சாம்பல் நரிக்கு, நூறு கெஜத்துக்குள் போதும். கயோட்டியைச் சிலர் அதிலும் சாய்த்திருக்கிறார்கள். சாய்த்ததைச் சொல்வார்கள், ஓடிப்போனதை யார் சொல்வார்?

நீங்கள் கேட்ட மூன்றுக்கு வருவோம். .22-250 என்பது .250 சாவேஜ் தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி, ஆர்வலர்கள் பட்டறைகளில் செய்துகொண்டிருந்த உருப்படி. 1965-இல் ரெமிங்டன் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதே 55 கிரெயின் குண்டு, வேகம் 3,680 அடி. பறந்த வெளியில் 300, 350 கெஜம் தாண்டி நிற்கிற கயோட்டிக்கு அதுதான் ராஜா. மேற்கு டெக்சாஸ்காரர்கள் அதைக் கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது. விலையாகக் குழல் சீக்கிரம் தேயும், தோட்டாவுக்குக் காசு கூடும், வெடிக்கிற சத்தமும் அதிகம்.

ஆனால் உங்கள் நிலத்தை ஒரு தடவை அளந்து பாருங்கள். 15 ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 270 கெஜம்தான் வரும். நட்ட நடுவில் கொட்டகை இருக்கிறது என்கிறீர்கள். அங்கிருந்து வேலிக்கு 135 கெஜம். நடுவில் ஓக் மரமும் சீடரும் வேறு. 400 கெஜத்துக்கான துப்பாக்கியை வைத்துக்கொண்டு யாருடைய நிலத்தில் நிற்கிற கயோட்டியைச் சுடப்போகிறீர்கள்? இங்கே குண்டு எல்லை தாண்டி அடுத்தவர் நிலத்துக்குள் போனாலே, அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாதவரை அது குற்றம். 10 ஏக்கருக்கு உட்பட்ட மனைப்பிரிவு நிலம் என்றால் சில கவுன்ட்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) சுடவே தடை உண்டு. உங்களுக்கு அது பொருந்தாது என்றாலும், பக்கத்து மனைகள் அப்படிப் பிரிக்கப்பட்டவையா என்று கேட்டு வையுங்கள். பிரிக்கப்பட்டிருந்தால் அங்கே வீடுகள் வரப்போகின்றன.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துப் பண்ணைப் பெரியவர். 1846-இல் ஃபிரெட்ரிக்ஸ்பர்க்கில் வந்து குடியேறிய ஜெர்மானியர்களின் வழி வந்தவர். எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்கப் போனேன். அவர் துப்பாக்கி அலமாரியைத் திறக்கவே இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு வேலி ஓரமாக ஒரு மணி நேரம் நடந்தார். ஒவ்வொரு இடத்திலும் நின்று, "இங்கே நின்று சுட்டால் குண்டு எங்கே போய் நிற்கும்?" என்பார். வானத்தின் விளிம்பில் தெரிகிற மிருகத்தைச் சுடக் கூடாது, பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். .22 தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று எழுதியிருக்கும். நம் பகுதி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மெதுவாகப் போகிற கெட்டிக் குண்டு பாறையில் பட்டால் சீறிக்கொண்டு திசை மாறும். .22-ஐ அவர் கையை ஆட்டி மறுத்தது இதற்காகவும்தான்.

ஆகவே என் பதில் .223. 1964-இலிருந்து இருக்கிற தோட்டா, ராணுவத்தின் 5.56-க்கு அண்ணன் தம்பி முறை. அதனால்தான் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. விலை குறைந்தால் அதிகம் சுட்டுப் பழகுவீர்கள், எனக்கு அதுதான் முக்கியம். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றுகிற சாதாரண போல்ட் ஆக்‌ஷன் போதும். 200 கெஜத்துக்கு ஸ்கோப்பைச் சரி செய்துகொண்டால், அதற்குள் எங்கே நின்றாலும் குண்டு இரண்டு அங்குலத்துக்கு மேல் ஏறாது, இறங்காது. கணக்குப் போடாமல் நேராகக் குறி வைக்கலாம். குழலில் .223 என்று மட்டும் பொறித்திருந்தால் 5.56 தோட்டாவை அதில் போடாதீர்கள், அதன் அழுத்தம் கூடுதல். முழு உறை போட்ட பயிற்சிக் குண்டையும் கயோட்டிக்கு வேண்டாம். நுனியில் பிளாஸ்டிக் வைத்த, பட்டவுடன் நொறுங்குகிற வகையை வாங்குங்கள். அது உடம்புக்குள்ளேயே வேலையை முடித்துவிடும், தவறிக் கல்லில் பட்டாலும் பெரும்பாலும் தூளாகிவிடும். பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். மண்மேடு இல்லாத இடத்தில் அந்த நம்பிக்கையில் சுடாதீர்கள்.

கடைக்காரர் .243 சொன்னதில் தந்திரம் இல்லை. 1955-இல் வந்தது, .308-இன் கழுத்தைச் சுருக்கியது. 58 கிரெயினில் கயோட்டி, 100 கிரெயினில் மான், ஒரே துப்பாக்கி. காற்றிலும் நன்றாக நிற்கும். நவம்பரில் மான் வேட்டைக்கும் ஆசை என்றால் அதை வாங்குங்கள். ஆட்டைக் காப்பாற்ற மட்டும் என்றால், சத்தமும் உதையும் கூடின ஒன்றுக்குக் காசு கொடுக்கிறீர்கள். .204 ருகரும் நல்ல தோட்டாதான், ஆனால் சின்ன ஊர்க் கடையில் தேடி அலைய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. முயல் கத்துகிற சத்தத்தைக் கருவியில் போட்டால் கயோட்டியே உங்களைத் தேடி நூறு கெஜத்துக்குள் வரும். அது காற்றுக்குக் கீழ்ப்பக்கம் சுற்றி வந்துதான் மோப்பம் பிடிக்கும். அதனால் உட்காரும் இடத்தைக் காற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தனியார் நிலத்தில் கயோட்டியை இரவிலும் சுடலாம். விளக்கோடு போகிற அன்று வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கிற உள்ளூர் அதிகாரி கேம் வார்டனுக்கு ஒரு போன் போட்டுவிடுவது இங்கே வழக்கம், இல்லாவிட்டால் யாராவது மான் திருடன் என்று புகார் கொடுப்பார்கள். காதுக்கு மூடி இல்லாமல் ஒரு தோட்டாவும் வேண்டாம். செத்ததை வெறுங்கையால் தொடவும் வேண்டாம். 1988-இல் தெற்கு டெக்சாஸில் கயோட்டிகளிடையே வெறிநோய் பரவி, 1995-இலிருந்து விமானத்தில் தடுப்பு மருந்து இரை போட்டுத்தான் அடக்கினார்கள்.

துப்பாக்கிக்குச் செலவு செய்கிற மனசு நாய்க்கும் இருக்கட்டும். நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்பார்கள் நம் ஊரில். எங்களிடம் இப்போது இரண்டு கிரேட் பிரனீஸ் நாய்கள். குட்டியிலிருந்தே ஆட்டோடு ஆடாக வளர்ந்தவை. இராத்திரி முழுக்கக் குரைக்கும், உங்கள் தூக்கம் போகும், ஆடு மிஞ்சும். அந்தி சாய்ந்ததும் குட்டிகளைப் பட்டியில் அடைத்துவிடுகிறோம், எங்கள் கீதாரி மாமா செய்த அதே வேலைதான். நாய்கள் வந்த பிறகு ரைபிளை எடுத்தது கைவிரல் எண்ணிக்கைக்குள். ஊர்ப் பக்கம் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் அக்ரிலைஃப் விரிவாக்க அலுவலகத்திலும் கேளுங்கள். வனவிலங்குச் சேதத்துக்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள்.

முக்கியமானது ஒன்றை நீங்கள் எழுதவில்லை. இரண்டாவது குட்டியைப் பார்த்தீர்களா? கயோட்டி என்றால் தொண்டையில்தான் பல் இருக்கும். தொடை, விலா, காது என்று கண்டபடி குதறியிருந்தால் அது யாரோ வளர்க்கிற நாய். கண்ணும் நாக்கும் மட்டும் போயிருந்தால் கருங்கழுகு (பிளாக் வல்ச்சர்). கழுகைச் சட்டம் பாதுகாக்கிறது, அனுமதி இல்லாமல் தொடவே முடியாது. நாய் என்றால் துப்பாக்கியோடு போகாதீர்கள், முதலில் அந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பேசுங்கள். தோலை உரித்துப் பார்த்தால் பல் பதிந்த இடம் உள்ளே ரத்தம் கட்டித் தெரியும். படம் இருந்தால் அனுப்புங்கள் தம்பி, கழுத்தா தொடையா என்று பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.