எல்4லினக்ஸ் ரூட்டை மவுன்ட் செய்யாமல் நிற்கிறதா?

நண்பரே, கியூஎமூ என்ற மெய்நிகர்க் கணினியில், ஃபியாஸ்கோ என்ற மைக்ரோகெர்னல் (மிகச் சிறிய அடிப்படைக் கெர்னல்) மேல் ஓடும்படி மாற்றிய லினக்ஸான எல்4லினக்ஸை ஏற்றினால் "அன்னோன்-பிளாக்(1,0)" என்று பேனிக் ஆகிறது, அதாவது கெர்னல் கைவிட்டு நின்றுவிடுகிறது என்றீர்கள். நம் காரைக்குடி வீட்டுக் கணக்கில் முகப்பு தாண்டி வளவு (உள்முற்றம்) வரை வந்துவிட்டீர்கள். உள்ளறைச் சாவிதான் சேரவில்லை. மைக்ரோகெர்னல் மேல் குறை இல்லை. அதைத் திரும்பக் கம்பைல் செய்து ராத்திரியை வீணாக்காதீர்கள்.

அந்த எண்ணைக் கவனியுங்கள். 0,0 என்றால் ரூட் (முதலில் மவுன்ட் செய்ய வேண்டிய மூலக் கோப்பமைப்பு) எது என்றே லினக்ஸுக்குத் தெரியவில்லை. 1,0 என்றால் ராம்டிஸ்க் (நினைவகத்திலேயே அமையும் வட்டு) தெரிகிறது, அதில் உள்ளதைத்தான் படிக்க முடியவில்லை. எல்4லினக்ஸைத் தொடங்க நீங்கள் காட்டிய லுவா ஸ்கிரிப்ட் வரியில் ராம்டிஸ்க்_சைஸ் 4000. இது கிலோபைட் கணக்கு, 4 எம்பிகூட இல்லை. பிஸிபாக்ஸோடு (அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) உங்கள் ராம்டிஸ்க் இமேஜோ 16 எம்பி. எப்படிக் கொள்ளும்? பேனிக்குக்குச் சில வரி மேலே "இமேஜ் டூ பிக்" என்று அதுவே புலம்பியிருக்கும், பாருங்கள். 20000 போடுங்கள், மெம் (நினைவக) அளவையும் 128 எம்பி ஆக்குங்கள்.

அப்புறமும் நின்றால், அதே வரியில் ராம்டிஸ்க் கோப்பைச் சொல்லும் எல்4எக்ஸ்_ஆர்டி-யில் "ரோம்/" என்பதற்குப் பின் வரும் பெயரும், ஏற்ற வேண்டிய கோப்புகளின் பட்டியலான மாட்யூல்ஸ்.லிஸ்ட்டில் உள்ள பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரு சின்னக் கோடு விட்டுப்போய் எனக்கு ஒரு ஞாயிறே போனது.