பக்கெட் சீட் வாங்குமுன் பெல்ட்டைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் ஒரு ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் இருக்கிறது. தினமும் போரூரிலிருந்து அலுவலகம் போய்வர அதுதான். வருடத்தில் நாலைந்து முறை இருங்காட்டுக்கோட்டை பந்தய ட்ராக்கிலும் ஓட்டுகிறேன். வளைவுகளில் உடம்பு ஒரு பக்கமாகச் சரிகிறது. உடம்பை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட்டும், இரண்டு தோளையும் கட்டும் பந்தய பெல்ட்டான நாலு முனை ஹார்னஸும் போடலாம் என்று இருக்கிறேன். உயரம் 178 செ.மீ., எடை 82 கிலோ. ஏழு வயது மகள் பின்சீட்டில் பள்ளிக்கு வருவாள். எந்த சீட் வாங்கலாம், எப்படிப் பொருத்துவது?

பதில்: சீட் மாற்ற வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியது நியாயம்தான். நல்ல ரோடு டயர் போட்ட கார் வளைவில் கிட்டத்தட்ட 1 ஜி, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான பக்க விசை வரை பிடிக்கும். அப்போது உங்கள் எடை முழுவதும், ஏறக்குறைய 82 கிலோ, உங்களைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கம்பெனி சீட் அதைத் தாங்காது. எனவே முழங்காலைக் கதவில் ஊன்றி, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஓட்டுவீர்கள். உடம்பைத் தாங்கும் கைக்கு டயர் என்ன சொல்கிறது என்று தெரியாது. அந்தப் பிடியை சீட் எடுத்துக்கொண்டால் ஓட்டுவதே வேறு மாதிரி ஆகிவிடும்.

ஆனால் எந்த சீட் என்பதை உங்கள் மகளிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஹார்னஸ் போட்டால் இரண்டு தோளும் சீட்டோடு கட்டப்பட்டு உடம்பு நிமிர்ந்தே நிற்கும். கார் உருண்டு கூரை உள்ளே அமுங்கினால், காரோடு வரும் சாதாரண மூன்று முனை பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் ஒதுங்க இடம் இருக்கிறது. ஹார்னஸில் அது கிடையாது. அதனால்தான் ஹார்னஸ் என்றால் ரோல் பாரும், அதாவது கார் உருண்டால் கூரையைத் தாங்கும் எஃகுக் குழாய்ச் சட்டமும், வேண்டும் என்கிறோம். ரோல் பார் முன்சீட்டுக்குப் பின்னால், பின்சீட்டில் இருப்பவரின் தலைக்கு எதிரே குறுக்கே போகும். அதன்மேல் சுற்றும் பேடிங் ஹெல்மெட் போட்ட தலைக்காகச் செய்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளை ஹெல்மெட் போடுவதில்லை. ஆகவே உங்கள் காருக்கு ரோல் பார் கிடையாது, ரோல் பார் இல்லையென்றால் ஹார்னஸும் கிடையாது. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சாதாரண நாலு முனை ஹார்னஸில் இன்னொரு கேடு உண்டு. கால்களுக்கு நடுவே வரும் பட்டை அதில் இல்லை. தோள் பட்டையை இறுக்கினால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும், மோதலில் உடம்பு அதற்கடியில் வழுக்கிப் போகும். ஷ்ரோத் மாதிரி ஒரு சில நிறுவனங்கள் ஒரு தோள் பட்டையை மட்டும் மோதலில் கொஞ்சம் நீளும்படி தைத்து இதற்கு வழி கண்டிருக்கிறார்கள், மற்றவற்றில் அது இல்லை. கழுத்தையும் யோசியுங்கள். தோள் இரண்டும் கட்டுண்டிருக்க, தலை மட்டும் முன்னால் பாயும். 2001 டேடோனா 500 பந்தயத்தில் அமெரிக்க கார் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்துதான். அவர் ஹான்ஸ் எனும் கழுத்துக் காப்பு அணிந்திருக்கவில்லை. சீட், ஹார்னஸ், ரோல் பார், ஹான்ஸ் நான்கும் சேர்ந்து ஒரே பாதுகாப்பு. அதில் இரண்டை மட்டும் பிய்த்து எடுத்து வாங்கக் கூடாது.

சரி, மூன்று முனை பெல்ட் அப்படியே இருக்கட்டும். சாலையில் அதை அணிந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி-யின்படி 1000 ரூபாய் அபராதம். இனி, அந்த பெல்ட்டோடு ஒத்துப்போகும் சீட் எது என்பதுதான் கேள்வி. இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் படிந்து உட்கார வேண்டும். தொடைப் பக்கம் உயரமாக எழும்பும் பக்கெட் சீட்டில் பெல்ட் அந்த விளிம்பின் மேல் ஏறிப் பாலம் மாதிரி அந்தரத்தில் நிற்கும். பார்க்க இறுக்கமாகத் தெரியும், மோதலில் வயிற்றை வெட்டும்.

என் தேர்வு, முதுகு சாயும் வகை ஸ்போர்ட்ஸ் சீட். ரெகாரோ ஸ்போர்ட்ஸ்டர் சிஎஸ், ஸ்பார்கோ ஆர்100 போன்றவை. இடுப்பையும் விலாவையும் நன்றாகப் பிடிக்கும், பெல்ட்டுக்கு வழி விடும், பூந்தமல்லி சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் முதுகு வலிக்காது. முதுகு சாயாத சீட்தான் வேண்டும் என்று மனது அடம்பிடித்தால், பெல்ட் நுழையப் பக்கத்தில் துளை உள்ள, சாலை அனுமதி பெற்ற ரெகாரோ போல் பொசிஷன் வகையைப் பாருங்கள். தலையின் இருபுறமும் காது வைத்த சீட்டுகள் சாலைக்கு ஆகாது. சந்திப்பில் பக்கவாட்டில் வரும் பைக் தெரியாது.

பின்னாளில் பந்தயத்தில் இறங்கும் எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சாயும் சீட்டுகளுக்குப் பொதுவாக உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-யின் அங்கீகாரம் இருக்காது. எஃப்ஐஏ 8855-1999 முத்திரை உள்ள சீட்டுக்கும் தயாரித்த நாளிலிருந்து 5 ஆண்டுதான் கெடு. அதனால் பழைய சீட் மலிவாகக் கிடைத்தால் முதலில் முத்திரையில் உள்ள தேதியைப் பாருங்கள். சந்தையில் நகல்களும் நிறைய. முதுகுப் பகுதியைக் கையால் அழுத்தினாலே வளைகிற ஃபைபர் சீட்டை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வாங்குமுன் 20 நிமிடமாவது உட்கார்ந்து பாருங்கள், பின்பாக்கெட்டில் பர்ஸ் இல்லாமல். அளவை இடுப்பை வைத்து முடிவு செய்யுங்கள். இடுப்பு இறுகப் பிடிக்க வேண்டும், மூச்சை இழுத்தால் விலா நோகக் கூடாது.

இனி பொருத்துவது. பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது. எஃப்ஐஏ விதிப்படி ஒரு சீட்டுக்கு நாலு பிடிமானம், குறைந்தது 8 மி.மீ. போல்ட், எஃகுத் தாங்கி என்றால் குறைந்தது 3 மி.மீ. தடிமன். ஒவ்வொரு பிடிமானமும் 15,000 நியூட்டன், அதாவது சுமார் ஒன்றரை டன் விசையைத் தாங்க வேண்டும். உங்கள் கார் பந்தயக் கார் இல்லைதான், ஆனாலும் மோதலின் விசை ஒன்றுதான். எனவே சீட்டைத் தரையோடு இணைக்கும் பிராக்கெட்டை உங்கள் மாடலுக்கென்றே வருவதாக வாங்கி, கம்பெனி சீட் இருந்த அதே போல்ட் துளைகளில் மாட்டுங்கள். அங்கேதான் தரை வலுவூட்டப்பட்டிருக்கிறது. வேறு இடத்தில் துளை போட்டால் மெல்லிய தகடுதான் கிடைக்கும். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் ஸ்லைடர் இருபுறமும் பூட்டுகிற வகையாக இருக்கட்டும். பிராக்கெட்டின் உயரத்தையும் கேளுங்கள். பல பிராக்கெட்டுகள் ஸ்லைடரோடு சேர்ந்து சீட்டைப் பழையதைவிட மேலே தூக்கிவிடும். உங்கள் உயரத்துக்கு ஹெல்மெட் கூரையில் இடிக்கும்.

பலர் மறப்பது பெல்ட்டைச் செருகிப் பூட்டும் பக்கிளை. இன்றைய கார்களில் பெரும்பாலும் பக்கிள் தரையில் இருக்காது, சீட்டின் சட்டத்திலேயே இருக்கும். பழைய சீட்டைக் கழற்றும்போது பக்கிளும் கூடவே வந்துவிடும். ஒரு நண்பரின் காரில் லேத் பட்டறையில் வெல்டிங் வைத்த மெல்லிய பட்டியில் பக்கிள் தொங்குவதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. மோதலில் பெல்ட் தாங்கும் விசையில் பெரும்பங்கு அந்த ஒரு போல்ட்டில்தான் விழும். பக்கிளுக்கென்று இடம் வைத்துச் செய்த பிராக்கெட் கிடைக்காவிட்டால் சீட் மாற்றுவதையே தள்ளிப்போடுங்கள்.

இந்தியாவில் விற்ற போலோவில் முன்பக்க ஏர்பேக் இரண்டு மட்டும்தான், அதனால் சீட்டைக் கழற்றினால் ஏர்பேக் போகாது. சீட்டுக்குள் பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார் வைத்திருப்பவர்கள், ரெசிஸ்டர் மாட்டி ஏர்பேக் எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அணைவது விளக்கு மட்டும்தான், ஏர்பேக் போனது போனதுதான்.

மாட்டிய பிறகு கிளச்சை முழுக்க அழுத்திப் பாருங்கள், முழங்கால் இன்னும் சற்று மடிந்திருக்க வேண்டும். தோள் சீட்டில் ஒட்டியபடி கை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும். 100 கி.மீ. ஓடியதும் போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள்.

ட்ராக்கில் இறங்குமுன் இதையும் செய்யுங்கள்: சீட்டை இரண்டு மூன்று பல் பின்னால் தள்ளி, பெல்ட் போட்டு, தோள் பட்டையை வெடுக்கென்று இழுத்துப் பூட்ட வையுங்கள். விடாமல் பிடித்தபடியே சீட்டைப் பழைய இடத்துக்கு முன்னால் நகர்த்துங்கள். இடுப்பில் பட்டை இறுகும். நல்ல சீட்டோடு சேர்ந்தால், நீங்கள் ஹார்னஸில் தேடிய பிடி பெருமளவு இதிலேயே கிடைக்கும்.