இயற்பியல் பட்டப்படிப்பு: எந்தப் பாடம் எதற்கு முன்னால்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இளநிலை இயற்பியலின் பாடத்திட்டக் கையேட்டைப் புரட்டிவிட்டு எழுதப்பட்ட கேள்விகள் இவை. அவற்றில் பாதிக்கு மேல் ‘இந்தப் பாடம் அவசியம்தானா?’ என்று கேட்பவை. கையேட்டில் ஒவ்வொரு பாடத்தின் கீழும் சிறிய எழுத்தில் ‘முன்தேவைப் பாடங்கள்’ என்றொரு வரி இருக்கும். பெரும்பாலான கேள்விகளுக்கு விடை அந்த வரியில்தான் இருக்கிறது என்பதால், நானும் அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நான் சேர்ந்தது இயற்பியலில், பட்டியலிலோ கணிதப் பாடங்களே ஐந்தாறு இருக்கின்றன. அவற்றைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போட்டால் இயற்பியலும் கூடவே தள்ளிப்போகும். வகையீடும் தொகையீடும் தெரியாமல் முதலாண்டு இயக்கவியலே நகராது. அலைவுகளும் அலைகளும் வருவதற்குள் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கப் பழகியிருக்க வேண்டும். மின்காந்தவியலுக்குப் பல மாறிகளின் நுண்கணிதமும் வெக்டர் நுண்கணிதமும் வேண்டும். குவாண்டம் இயக்கவியலுக்கு நேரியல் இயற்கணிதமும் கலப்பெண்களும் வேண்டும். ஃபூரியர் தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், கலப்பெண் சார்புகள் ஆகியவற்றைப் பல துறைகள் ‘கணித இயற்பியல்’ என்ற ஒரே பாடத்தில் அடக்கிவிடுகின்றன. ஓர் இயற்பியல் பாடத்தையும் அதற்கு வேண்டிய கணிதத்தையும் ஒரே பருவத்தில் எடுக்க விதி அனுமதித்தாலும், கணிதம் ஒரு பருவம் முன்னால் செல்வதே நல்லது; இல்லையென்றால், இயற்பியல் ஆசிரியர் மூன்றாம் வாரத்தில் பயன்படுத்தும் கருவியைக் கணித ஆசிரியர் பத்தாம் வாரத்தில்தான் அறிமுகப்படுத்துவார்.

கேள்வி: குவாண்டம் இயக்கவியல் படிக்கத்தான் இத்துறைக்கே வந்தேன். இரண்டாம் பருவத்திலேயே அதை எடுக்க முடியுமா?

பதில்: ‘நவீன இயற்பியல்’ என்ற பெயரில் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வரும் அறிமுகப் பாடத்தைத் தாராளமாக எடுங்கள். ஒளிமின் விளைவு, நீல்ஸ் போரின் அணு மாதிரி, சிறப்புச் சார்பியல் போன்றவை அதில் வந்துவிடும். முறையான குவாண்டம் பாடம் வேறு. அதன் மையத்தில் இருக்கும் ஹாமில்டோனியனை (அமைப்பின் மொத்த ஆற்றலைக் குறிப்பது) நீங்கள் முதலில் சந்திக்க வேண்டிய இடம் செவ்வியல் இயக்கவியலின் இரண்டாம் பகுதி. ஐகன் மதிப்பை (ஓர் அணி, திசை மாற்றாத வெக்டரை எத்தனை மடங்காக்குகிறது என்ற எண்) சந்திக்க வேண்டிய இடம் நேரியல் இயற்கணிதம். 1925-இல் ஹைசன்பர்க் தம் புதிய கோட்பாட்டை எழுதியபோது, தாம் கையாண்ட விசித்திரமான பெருக்கல் விதி அணிகளின் பெருக்கல்தான் என்பதை அறிந்திருக்கவில்லை. அதை அடையாளம் கண்டுகொண்டவர் மாக்ஸ் போர்ன். ஹைசன்பர்க்குக்கு அது ஒத்துவந்தது; நமக்கு முன்கூட்டியே படித்துவிடுவதுதான் சுலபம். நேரியல் இயற்கணிதத்தில் தேர்வு இருந்தால், அணிகளைக் கணக்கிட மட்டும் சொல்லித்தரும் பாடத்தை விட்டுவிட்டு, வெக்டர் வெளி, அடிக்கணம், உட்பெருக்கம் ஆகியவற்றை விளக்கும் பாடத்தை எடுங்கள்.

கேள்வி: கோட்பாட்டு இயற்பியலுக்குப் போக விரும்புகிறேன். ஆய்வகப் பாடங்களைத் தவிர்க்க வழி உண்டா?

பதில்: பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் நான் காட்டித்தர மாட்டேன். ஆய்வகத்தைத் தெரிந்த விடையை மறுபடியும் வரவழைக்கும் இடமாக நினைப்பதால்தான் இக்கேள்வி எழுகிறது. ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் முதல் வாரச் செய்முறையான தனி ஊசலையே எடுத்துக்கொள்வோம். ஊசலின் நீளம் 1 மீட்டர் என்றால் அலைவுநேரம் ஏறத்தாழ 2 வினாடி. நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரலின் தடுமாற்றம் 0.2 வினாடி என்று வைத்துக்கொண்டால், ஓர் அலைவை மட்டும் அளப்பவருக்கு அலைவுநேரத்தில் 10 சதவீதப் பிழை வரும். ஈர்ப்பு முடுக்கத்துக்கான சூத்திரத்தில் அலைவுநேரம் இருபடியாக வருவதால் விடையில் அது 20 சதவீதமாகிவிடும். இருபது அலைவுகளைச் சேர்த்து அளந்தால் அதே விரல், அதே கடிகாரம், ஆனால் விடையின் பிழை ஏறத்தாழ 1 சதவீதம்தான்.

கதை அதோடு முடிவதில்லை. குண்டின் மையம் வரை அளக்காமல் நூலின் நீளத்தை மட்டும் அளந்தால், 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குண்டுக்கு நீளத்திலேயே 1 சதவீதம் பிழைத்துப்போகும். ஊசலை 20 டிகிரி விலக்கி விட்டால் அலைவுநேரம் சுமார் 0.8 சதவீதம் கூடும். ‘சிறு கோணம்’ என்று புத்தகம் போட்ட நிபந்தனைக்கு விலை அது. இவ்விரண்டும் எத்தனை முறை திரும்ப அளந்தாலும் சராசரியில் கரைந்துபோகாத பிழைகள். ஒரு தோராயம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைக் கையால் உணர்ந்து பார்க்கும் இடம் ஆய்வகம்தான், கோட்பாட்டாளருக்கு அதைவிடத் தேவையான பயிற்சி எதுவும் இல்லை. 9.8 வந்துவிட்டது என்று மகிழ்ந்து, பிழைக் கணக்கே இல்லாமல் ஒப்படைக்கப்பட்ட பதிவேடுகளை நான் நிறையத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கேள்வி: நிரலாக்கம் கட்டாயப் பாடமாக இல்லை. விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். இயற்பியலில் கையால் தீர்க்க முடிந்த கணக்குகள் கொஞ்சம்தான். பாடநூல் அவற்றையே தேர்ந்தெடுத்துக் கொடுப்பதால் அது நமக்குத் தெரிவதில்லை. பைத்தான் மொழியில் ஓர் அறிமுகமும், எண்முறைக் கணிப்பில் ஒரு பாடமும் இருந்தால் இளநிலைக்குப் போதும். மொழியின் இலக்கணத்தோடு நிறுத்திவிடாமல், கணினி தரும் விடையைச் சந்தேகிக்கக் கற்றுத்தரும் பாடமாக அது இருக்கட்டும். சுருள்வில்லில் கட்டிய நிறையின் இயக்கத்தை ஆய்லரின் எளிய முறைப்படி (பழைய மதிப்புகளை வைத்தே அடுத்த நிலையையும் திசைவேகத்தையும் படிப்படியாகக் கணக்கிடும் முறை) நிரலாக எழுதுங்கள். கோண அதிர்வெண்ணை 1 என்றும் காலப் படியை 0.1 என்றும் வையுங்கள். உராய்வே இல்லாத அமைப்பில் மாறாமல் இருக்க வேண்டிய ஆற்றல், படிக்கு 1 சதவீதம் வீதம் ஏறி, நூறு படிகளில் 2.7 மடங்காகிவிடும். நிரலில் எழுத்துப் பிழை எதுவும் இராது, முறையே அப்படி. நிலையைக் கணக்கிடும்போது பழைய திசைவேகத்துக்குப் பதிலாக, அப்போதுதான் கணக்கிட்ட புதிய திசைவேகத்தைப் போடுங்கள்: அந்த ஒரு வரி மாற்றத்தில் ஆற்றல் ஏறுவது நின்று, சரியான மதிப்பைச் சுற்றிச் சிறிதே ஊசலாடும்.

கேள்வி: வேதியியல் எதற்கு?

பதில்: எல்லா இடங்களிலும் கேட்பதில்லை; கேட்கும் இடத்தில் பொதுவாக ஓராண்டுப் பாடத்தோடு முடிந்துவிடும். திண்மநிலை இயற்பியல், பொருளறிவியல் பக்கம் போக எண்ணமிருந்தால் பின்னால் நன்றி சொல்வீர்கள். இல்லையென்றால் முதலாண்டிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: வெப்ப இயக்கவியல், புள்ளியியல் இயற்பியல் இரண்டுமே கட்டாயம் என்கிறார்கள். ஒரே பாடத்தை இருமுறை படிப்பதாகாதா?

பதில்: பொருள் ஒன்றுதான், பார்க்கும் கோணம் வேறு. முதலாவது, அணுக்கள் இருக்கின்றனவா என்று கேட்காமலேயே அழுத்தம், பருமன், வெப்பநிலை இவற்றுக்கிடையே உள்ள தொடர்பை நிறுவுகிறது. இரண்டாவது, அதே தொடர்பை எண்ணற்ற துகள்களின் நிலைகளை எண்ணிப் பார்த்துக் கண்டடைகிறது. அதில் ஃபெர்மி, போஸ் புள்ளியியல்கள் (குவாண்டம் துகள்களின் நிலைகளை எண்ணும் இரு முறைகள்) வரும்போது குவாண்டம் தெரிந்திருக்க வேண்டும். ஆகையால் முதலாவதை இரண்டாம் ஆண்டிலும், மற்றதைக் குவாண்டம் பாடத்துக்குப் பின்போ அதனோடு சேர்த்தோ எடுப்பது பொருந்தும்.

கேள்வி: மின்காந்தவியலில் தோற்றுவிட்டேன். அடுத்த ஆண்டுப் பாடங்கள் எல்லாமே அடைபட்டுவிட்டனவா?

பதில்: எல்லாம் இல்லை. மாக்ஸ்வெல் சமன்பாடுகளை நேரடியாக நம்பியிருப்பவை இரண்டாம் நிலை மின்காந்தவியல், அலை ஒளியியல், பிளாஸ்மா இயற்பியல் போன்றவை; அவற்றைத் தள்ளிவையுங்கள். வெப்ப இயக்கவியல், செவ்வியல் இயக்கவியல், முதல்நிலை குவாண்டம் ஆகியவற்றை உங்கள் துறையின் விதி தடுக்காவிட்டால் தொடரலாம். அதற்கு முன், திருத்தப்பட்ட விடைத்தாளைக் கேட்டு வாங்கி, எங்கே சறுக்கினீர்கள் என்று பாருங்கள். காஸ் விதியைச் சொல்லத் தெரிந்தும், எந்தப் பரப்பின்மேல் தொகையிடுவது என்பதில் நின்றுபோயிருந்தால், புலத்தின் விரிவையும் சுழற்சியையும் அளக்கும் டைவர்ஜன்ஸ், கர்ல் இரண்டும் குறியீடுகளாகவே தங்கிவிட்டன என்று பொருள். அப்போது மறுபடி படிக்க வேண்டியது வெக்டர் நுண்கணிதம். எல்லை நிபந்தனைகளோடு லாப்லாஸ் சமன்பாட்டைத் தீர்ப்பதில் சறுக்கியிருந்தால் உடனே சரிசெய்யுங்கள்: மாறிகளைப் பிரிக்கும் அதே உத்தி ஹைட்ரஜன் அணுவைத் தீர்க்கும்போது குவாண்டம் பாடத்தில் மறுபடியும் வரும்.

கேள்வி: ஒரு பருவத்தில் எத்தனை பாடம் எடுக்கலாம்?

பதில்: பாடங்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல் கிரெடிட்டைப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் ஓராண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணிநேர உழைப்பு என்று கணக்கு. ஆக 6 கிரெடிட் பாடமொன்று குறைந்தது 150 மணிநேரம் கேட்கும். வகுப்பில் 60 மணிநேரம் கழிந்தால் மீதி 90 மணிநேரம் உங்கள் மேசையில்தான். வேறு முறைகளில் எண்கள் மாறினாலும், வகுப்புக்கு வெளியே செல்லும் நேரமே அதிகம் என்பது பெரும்பாலும் மாறாது. ஆய்வகப் பாடத்துக்குக் கிரெடிட் குறைவாகவும் அறிக்கை எழுதும் வேலை அதிகமாகவும் இருப்பது வழக்கம் என்பதால், ஒரே பருவத்தில் இரண்டு ஆய்வகங்களை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: விருப்பப் பாடமாக வானியற்பியலா, திண்மநிலை இயற்பியலா? மேற்படிப்புக்கு எது உதவும்?

பதில்: மேற்படிப்புத் தேர்வுக்குழு முதலில் பார்ப்பது செவ்வியல் இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம், புள்ளியியல் இயற்பியல் ஆகிய நான்கையும்தான், அவை உறுதியாக இருந்தால் விருப்பப் பாடம் உண்மையிலேயே உங்கள் விருப்பம். எனினும் இவ்விரண்டில் ஒன்றைச் சொல் என்றால் திண்மநிலையைச் சொல்வேன். குவாண்டமும் புள்ளியியலும் சேர்ந்து வேலை செய்வதை, உலோகத்தின் வெப்ப ஏற்புத்திறன் ஏன் செவ்வியல் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்பது போன்ற ஒரு கேள்வியை வைத்தே அங்கே பார்த்துவிடலாம். வானியற்பியலில் ஆர்வம் மிகுந்தால் இறுதியாண்டுத் திட்டப்பணியை அதில் செய்யுங்கள். திட்டப்பணிக்கு வழிகாட்டியைத் தேடும் வேலையை மட்டும் இறுதியாண்டு தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். நல்ல வழிகாட்டிகளிடம் இடம் சீக்கிரமே நிரம்பிவிடும்.