மழைக்குப் பிறகு உடையும் படம்: வெளிப்புற ஆண்டெனாவில் பழுதைத் தேடும் முறை

கேள்வி: கூரையில் டிஜிட்டல் தொலைக்காட்சிக்கான ஆண்டெனா பொருத்தி ஈராண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் எல்லாச் சேனல்களும் தெளிவாக வந்தன. சில மாதங்களாகச் சில சேனல்கள் மட்டும் கட்டங்கட்டமாகச் சிதறுகின்றன, ஒலி விட்டுவிட்டு வருகிறது, பிறகு திரை கறுத்துவிடுகிறது. மழை பெய்த மறுநாள் நிலைமை இன்னும் மோசம். சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் ஒன்றை வாங்கி டிவிக்குப் பின்னால் இணைத்தேன். சிக்னல் வலிமை காட்டும் கோடு உயர்ந்தது; படம் சீராகவில்லை, நன்றாக வந்துகொண்டிருந்த இரண்டு சேனல்களும் போய்விட்டன. பெரிய ஆண்டெனா வாங்கினால் சரியாகுமா?

பதில்: பெரிய ஆண்டெனாவை இப்போது வாங்க வேண்டாம். அதே ஆண்டெனா அதே இடத்தில் சில மாதங்களுக்கு முன்பு வரை தெளிவான படம் தந்திருக்கிறது. ஆகவே இடையில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது, அந்த மாற்றத்தைத்தான் நாம் தேட வேண்டும். எங்கே தேடுவது என்பதற்கான துப்புகள் உங்கள் கேள்வியிலேயே இருக்கின்றன: சில சேனல்கள் மட்டும் பாதிக்கப்படுகின்றன, மழைக்குப் பிறகு மோசமாகிறது, பூஸ்டர் சேர்த்ததும் இருந்தவையும் போயின.

பழைய அனலாக் ஒளிபரப்பில் சிக்னல் குறையக் குறையத் திரையில் புள்ளிகள் கூடிக்கொண்டே வரும். பழுது தொடங்கிவிட்டது என்பது பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். டிஜிட்டலில் அந்த முன்னறிவிப்பு கிடையாது. வழியில் சிதைந்த தரவை, ஒளிபரப்போடு சேர்ந்து வரும் பிழைதிருத்தக் குறியீடுகள் ஒரு வரம்பு வரை முழுமையாகச் சரிசெய்துவிடுகின்றன. வரம்பைத் தொட்டதும் கட்டங்கள் உடைகின்றன, சற்றுத் தாண்டினால் படமே நின்றுவிடுகிறது. வட அமெரிக்காவில் பயன்படும் முதல் தலைமுறை ஏடிஎஸ்சி என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில், சிக்னல் இரைச்சலைவிடச் சுமார் 15 டெசிபல் (சிக்னல் அளவுகளை ஒப்பிடும் அலகு) உயர்ந்திருக்க வேண்டும்; 17 இருந்தால் படத்தில் ஒரு குறையும் தெரியாது, 14 ஆனால் எதுவும் தெரியாது. டிவிபி-டி, டிவிபி-டி2 முறைகளில் ஒளிபரப்பாளர் தேர்ந்தெடுக்கும் அமைப்பைப் பொறுத்து இந்த எண் மாறும், ஆனால் செங்குத்தான விளிம்பு எல்லா முறைகளிலும் உண்டு. தொடக்கத்திலிருந்தே அந்த விளிம்பின் அருகிலேயே உங்கள் சில சேனல்கள் நின்றிருக்கக்கூடும். இரண்டு மூன்று டெசிபல் இழப்பு நேர்ந்தாலே அவை விழுந்துவிடும், அவ்வளவு இழப்பை ஒரு துருப்பிடித்த கனெக்டரே உண்டாக்கிவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் பூஸ்டரைக் கழற்றிவிடுங்கள். பிறகு டிவியின் அமைப்புப் பக்கத்தில் இருக்கும் இரண்டு அளவீடுகளைத் திறந்து பாருங்கள். ஒன்று வலிமை, மற்றொன்று தரம். வலிமைக் கோடு, அந்த அலைவரிசையில் வந்து சேரும் எல்லாவற்றையும், இரைச்சல் உட்பட, சேர்த்தே அளக்கிறது. தரக் கோடுதான், வந்ததில் எவ்வளவு பிழையின்றிப் படிக்க முடிகிறது என்பதைச் சொல்கிறது. உங்கள் பூஸ்டர் முதல் கோட்டை உயர்த்தியும் படம் மாறாததற்கு இதுவே காரணம். இனிமேல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் தரக் கோட்டை வைத்தே மதிப்பிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பின் குறைந்தது 10 விநாடிகள் காத்திருங்கள். டிவிக்குள் சிக்னலை ஏற்கும் டியூனர் மீண்டும் அதைப் பற்றிக்கொள்ள அந்த நேரம் தேவைப்படும்.

அடுத்து, எந்தெந்தச் சேனல்கள் உடைகின்றன, அவை உண்மையில் எந்த அதிர்வெண்ணில் வருகின்றன என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். திரையில் தெரியும் சேனல் எண்ணும் ஒளிபரப்பாகும் அதிர்வெண்ணும் பெரும்பாலும் ஒன்றல்ல. தர அளவீட்டுப் பக்கத்திலேயே மெகாஹெர்ட்ஸ் கணக்கில் அதிர்வெண் தெரியும். ஒரே அதிர்வெண்ணில் பல சேனல்கள் கட்டாக வருவதால், கூட்டமாகச் சில சேனல்கள் மறைவது இயல்பே. இந்தப் பட்டியல் பல நேரங்களில் பாதி வேலையை முடித்துத் தந்துவிடும். யுஎச்எஃப் எனப்படும், 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட உயர்ந்த அதிர்வெண்கள் மட்டும் நலிந்தால் ஈரம் புகுந்த கேபிளையோ, அருகிலுள்ள செல்பேசிக் கோபுரத்தையோ சந்தேகிக்க வேண்டும். விஎச்எஃப் எனப்படும், 300 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த அதிர்வெண்கள் மட்டும் நலிந்தால் கேபிளின் நடுக்கம்பி எங்கோ அறுந்திருக்கலாம்; அறுந்த சிறிய இடைவெளியை உயர்ந்த அதிர்வெண்கள் தாவிக் கடந்துவிடும், தாழ்ந்தவை கடக்கா. மட்டமான எல்இடி விளக்குகளும் செல்பேசி மின்னேற்றிகளும் கொட்டும் மின் இரைச்சலும் பெரும்பாலும் விஎச்எஃப் பகுதியையே தாக்குகிறது. வீட்டிலுள்ள விளக்குகளையும் மின்னேற்றிகளையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

மழைத் துப்புக்கு வருவோம். என் கணிப்பு இங்கேதான் சாய்கிறது. ஆண்டெனாவின் அடியில் கேபிள் இணையும் இடம்தான் முழு அமைப்பிலும் பலவீனமான புள்ளி. அங்கே ஒரு சிறு துளி உள்ளே புகுந்தால், கேபிளின் உறைக்கு அடியிலுள்ள கம்பிப் பின்னலின் இழைகள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த ஈரத்தைக் கேபிளுக்குள் வெகுதூரம் இழுத்துச் சென்றுவிடும். பின்னல் கறுக்கிறது, நடுவிலுள்ள நுரைப்பொருள் தன் இயல்பை இழக்கிறது, சிக்னல் வெப்பமாகக் கரைகிறது. நல்ல நிலையிலுள்ள ஆர்ஜி-6 வகை ஆண்டெனா கேபிள் 700 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டருக்கு ஏறத்தாழ 4 டெசிபல் மட்டுமே இழக்கும். ஈரம் ஊறிய கேபிளுக்கு அப்படி எந்த வரையறையும் இல்லை, வெயிலில் உலர்ந்தபின் சில நாள்கள் அது நல்லதுபோல் நடிக்கவும் செய்யும். வெளிப்புற ஆண்டெனாக்களில் நான் கண்ட பழுதுகளில் பெரும்பாலானவை கேபிளிலும் கனெக்டரிலும்தான் இருந்தன. ஆண்டெனாவே கெட்டுப்போனது அரிது.

இதை உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. சிறிய டிவி ஒன்றையோ சிக்னல் மீட்டர் ஒன்றையோ ஆண்டெனாவின் அருகே கொண்டுபோய், இரண்டு மூன்று மீட்டர் நீளமுள்ள புதிய கேபிளால் நேரடியாக இணைத்து, உடையும் சேனல்களின் தரத்தைப் பாருங்கள். அங்கே தரம் நன்றாக இருந்தால் ஆண்டெனாவுக்குக் குற்றமில்லை. பழுது கீழே இறங்கும் வழியில் இருக்கிறது. இரு முனைகளையும் கழற்றிய கேபிளை, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டராலும் சோதிக்கலாம்: நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே தொடர்பு எதுவும் காட்டக் கூடாது, ஒரு முனையில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் மறுமுனையில் சில ஓம்கள் மட்டுமே காட்ட வேண்டும். இரு முனைகளையும் கழற்றுவது கட்டாயம். பல ஆண்டெனாக்கள் தம் அமைப்பினாலேயே மல்டிமீட்டருக்கு நேரடித் தொடர்புபோல் தெரியும், அதைப் பழுதென்று எண்ணி ஏமாறக் கூடாது. இந்தச் சோதனை அறுந்ததையும் ஒட்டியதையும் காட்டும், ஈரத்தைக் காட்டாது. ஈரத்தைக் காண, மேல்முனையில் கேபிளின் உறையை ஓர் அங்குலம் உரித்துப் பாருங்கள். பின்னல் பளபளப்பாக இருந்தால் நல்லது. மங்கி, கறுத்து, பச்சை படிந்திருந்தால் பளபளப்பு வரும் இடம் வரை வெட்டிக்கொண்டே செல்லுங்கள். ஒரு மீட்டர் வெட்டியும் வரவில்லையென்றால் கேபிளை முழுவதுமாக மாற்றுவதே சிக்கனம்.

புதிய முனையில், முறுக்கிச் செருகும் எஃப் கனெக்டரை (ஆண்டெனா கேபிளின் முனையில் பொருத்தும் திருகு இணைப்பி) தவிர்த்து, கருவியால் அழுத்திப் பொருத்தும் வகையைப் போடுங்கள். பின்னலின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த ஒரே இழை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இணைப்பின்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றினால் மடிப்புகள் ஓட்டு வரிசைபோல் அமைந்து நீரை வெளியே வழியவிடும். காடி மணம் வீசும் சாதாரண சிலிகான் பசையைப் பூச வேண்டாம், அதிலிருந்து வெளிப்படும் அமிலம் செம்பை அரிக்கும். இணைப்புக்குக் கீழேயும், கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன்பும், ஒரு வளைவைத் தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

கீழே வரும் வழியில், சிக்னலைப் பல டிவிகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இருந்தால் அதையும் தற்காலிகமாக விலக்கி, ஒரே டிவிக்கு நேராகக் கொடுத்துப் பாருங்கள். இரண்டாகப் பிரிப்பது ஒவ்வொரு வழியிலும் சுமார் 3.5 டெசிபலையும், நான்காகப் பிரிப்பது சுமார் 7 டெசிபலையும் விழுங்குகிறது.

பூஸ்டர் ஏன் உதவவில்லை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் பலர் தேவையின்றிப் பணத்தை இழக்கிறார்கள். டிவிக்குப் பின்னால் வரும்போது சிக்னல் ஏற்கனவே கேபிளில் நலிந்து இரைச்சலோடு கலந்துவிட்டது; அங்கே பெருக்கினால் இரண்டும் சேர்ந்தே பெருகும், அவற்றின் இடைவெளி கூடாது, பூஸ்டரின் சொந்த இரைச்சலும் சேர்ந்து சற்றுக் குறையவும் செய்யும். நீண்ட கேபிளின் இழப்பை முன்கூட்டியே ஈடுசெய்ய, ஆம்ப்ளிஃபயர் (சிக்னலைப் பெருக்கும் கருவி; பூஸ்டரும் இதுவே) ஆண்டெனாவின் அருகிலேயே, கம்பத்தில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆம்ப்ளிஃபயர் உங்களிடம் முன்பே இருந்தால், அதற்கு மின்சாரம் அதே கேபிள் வழியாகத்தான் மேலே செல்கிறது; இடையில் மின்னோட்டத்தைக் கடத்தாத ஸ்பிளிட்டர் நுழைந்தாலோ, மின்வழங்கி பழுதானாலோ, மின்சாரம் இல்லாத ஆம்ப்ளிஃபயர் சிக்னலுக்குச் சுவராக நின்றுவிடும்.

நன்றாக வந்த இரண்டு சேனல்கள் பூஸ்டருக்குப் பின் போனதற்கு மிகைச்சுமை காரணமாக இருக்கலாம். வலுவான ஏதோ ஒரு சிக்னல் ஆம்ப்ளிஃபயரைத் திணறடிக்கும்போது, அது தானே புதிய போலி அலைகளை உருவாக்கி மற்ற அதிர்வெண்கள்மீது கொட்டும். அந்த வலுவான சிக்னல் பல நேரங்களில் தொலைக்காட்சியே அன்று, செல்பேசிக் கோபுரம். முன்பு ஐரோப்பாவில் 862 மெகாஹெர்ட்ஸ் வரை தொலைக்காட்சிக்கு உரியதாக இருந்த யுஎச்எஃப் அலைக்கற்றையின் மேற்பகுதி, இப்போது 4ஜி, 5ஜி சேவைகளுக்கு மாறிவிட்டது. வட அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியே அவ்வாறு கைமாறியது. பழைய ஆண்டெனாக்களும் பூஸ்டர்களும் அந்தப் பகுதியை இன்னும் தாராளமாக உள்ளே விடுகின்றன. சில மாதங்களுக்கு முன் அருகில் புதிய செல்பேசிக் கோபுரம் எழுந்ததா என்று பாருங்கள். எழுந்திருந்தால், செல்பேசி அலைகளைத் தடுக்கும் எல்டிஇ வடிகட்டி ஒன்றை ஆண்டெனாவுக்கும் முதல் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே பொருத்த வேண்டும், ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் பொருத்துவதில் பயனில்லை. மிகைச்சுமையை அடையாளம் காண சிக்னலை வேண்டுமென்றே குறைக்கும் 6 அல்லது 10 டெசிபல் அட்டென்யுவேட்டரை இடையில் வைத்துப் பாருங்கள்: சிக்னலைக் குறைத்ததும் தரம் உயர்ந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

கேபிள் நல்லது என்று உறுதியான பிறகே ஆண்டெனாவின் திசையைத் தொடுங்கள். ஒரு தண்டில் பல கம்பிகள் வரிசையாக உள்ள யாகி வகை ஆண்டெனாவில், குட்டையான கம்பிகள் உள்ள முனை ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்க வேண்டும். கோபுரம் செங்குத்தாக அதிரும் அலைகளைப் பரப்பும் இடத்தில் கம்பிகள் கிடையாக இருந்தால், சரியான திசையிலும் பெருமளவு இழப்பு நேரும். காற்றில் ஆண்டெனா திரும்பியிருந்தால் சிறிது சிறிதாகத் திருப்பி, மிக நலிந்த சேனலின் தரம் உச்சமாகும் இடத்தில் நிறுத்துங்கள். வலுவான சேனலை வைத்துத் திசை பார்ப்பது வீண். 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 50 சென்டிமீட்டர்தான் என்பதால், புதிதாக எழுந்த கட்டடத்திலிருந்து எதிரொலித்து வரும் அலை ஓரிடத்தில் சிக்னலை அழித்து, ஒரு மீட்டர் தள்ளி அதையே வலுப்படுத்தலாம். எனவே உயர்த்துவதற்கு முன் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். தழைத்து வளர்ந்த மரத்தின் நனைந்த இலைகளும் யுஎச்எஃப் அலைகளை உறிஞ்சும். மழைக்குப் பிறகு காற்றடிக்கும்போது மட்டும் படம் உடைந்தால் அந்த மரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஒளிபரப்பாளர் அதிர்வெண்ணை மாற்றியிருந்தால் மறுதேடல் தேவைப்படும். ஆனால் பழுதை நீக்கும் முன் முழுத் தானியங்கித் தேடலை ஓட்ட வேண்டாம், வராத சேனல்கள் பட்டியலிலிருந்தே அழிந்துவிடும். அசையாக் காற்றும் உயர் அழுத்தமும் நிலவும் நாள்களில், வெகுதொலைவிலுள்ள கோபுரங்களின் அலைகள் வளிமண்டலத்தில் வளைந்து வந்து குறுக்கிடுவதும் உண்டு. அக்கம்பக்கத்தாருக்கும் அதே நேரத்தில் படம் உடைந்தால், ஆண்டெனாவைத் தொடாமல் ஓரிரு நாள்கள் பொறுத்திருங்கள்.

ஈரமான கூரையில் ஏற வேண்டாம், தனியாகவும் வேண்டாம். கம்பம் சாய்ந்து விழும் தொலைவுக்குள் மின்கம்பி இருந்தால் இந்த வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்; உலோகக் கம்பம் நிலத்தோடு முறையாக இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அவரே பார்க்கட்டும்.

ஆண்டெனாவின் அடியிலேயே குட்டைக் கேபிளில் பார்த்தும், திசையைச் சரிசெய்தும், தரம் தாழ்ந்தே இருந்தால் மட்டும் பெரிய ஆண்டெனாவைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் முதலில் தொலைவைக் கணக்கிடுங்கள்: தடையில்லாச் சமதளத்தில் 100 மீட்டர் உயரக் கோபுரமும் 10 மீட்டர் உயர ஆண்டெனாவும் ஏறத்தாழ 54 கிலோமீட்டர் வரைதான் ஒன்றையொன்று நேராக எட்டும். உங்கள் கோபுரம் அந்த எல்லைக்குள் இருந்தால், நீங்கள் எழுதி வைத்த அதிர்வெண் பட்டியலைப் பார்த்து, அந்த அலைக்கற்றைக்கென்றே செய்யப்பட்ட, கூர்மையான திசைத்திறன் கொண்ட ஆண்டெனாவை வாங்குங்கள். எல்லா அலைவரிசைகளையும் ஏற்பதாகச் சொல்லும் ஆண்டெனா உங்களுக்குத் தேவையில்லாத செல்பேசி அலைகளையும் சேர்த்தே ஏற்கும்.