பாட்டும் கிதாரும் பதிவு செய்ய எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம்?

மைக், கிதார் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் இந்தக் கருவியில் இரண்டு உள்ளீடு போதும். தனியாகப் பாடி, கிதார் வாசித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வீட்டுக் கணினியில் பதிவு செய்பவருக்கு எட்டு உள்ளீடும் 192 கிலோஹெர்ட்ஸும் (ஒலியை நொடிக்கு 1,92,000 முறை அளக்கும் வேகம்) உள்ள கருவி தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் வாங்கியது அதைத்தான். வைத்திருந்த ஐந்து ஆண்டுகளில் அதன் மூன்றாவது சாக்கெட்டில் ஒரே ஒரு முறை கேபிள் செருகினேன். அதுவும் முதல் சாக்கெட் பழுதாகிவிட்டதோ என்று பார்ப்பதற்காக.

பாட்டு முடியும்போது அதில் முப்பது டிராக் (தனித்தனி ஒலி அடுக்கு) இருக்கலாம். கருவிக்கு அந்தக் கணக்கு வேண்டாம். ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் உள்ளே வர வேண்டும் என்பதை மட்டும் எண்ணுங்கள். பாடிக்கொண்டே கிதார் வாசித்தால் இரண்டு. டிரம்ஸ் முழுவதற்கும் மைக் வைக்கப் போகிறீர்கள், நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் எட்டைப் பற்றிப் பேசலாம்.

வாங்குமுன் யாரும் பார்க்காத ஒன்று டிரைவர், கருவியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள். என் எட்டு உள்ளீட்டுக் கருவியில், மைக்கின் ஒலியைப் பெருக்கும் பிரீஆம்ப் நன்றாகத்தான் இருந்தது. பொத்தான்கள் இன்றுவரை ஆடவில்லை. ஆனால் கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் அது வெறும் இரும்புப் பெட்டியாகிவிட்டது. தயாரிப்பாளர் அந்த மாடலுக்குப் புதிய டிரைவர் எழுதப் போவதில்லை என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார். அன்றிலிருந்து எந்தக் கருவியைப் பார்த்தாலும் முதலில் அந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய், ஏழெட்டு ஆண்டுக்கு முந்தைய மாடலுக்கு இன்னும் டிரைவர் தருகிறார்களா, அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பார்க்கிறேன். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள் அத்தனையையும்விட இது அதிகம் சொல்லும்.

மேக் வைத்திருந்தால் பிரச்சினை குறைவு. யுஎஸ்பி ஆடியோவின் பொதுத் தரத்தைப் பின்பற்றும் கருவிகள் அங்கே தனி டிரைவர் இல்லாமலே ஓடும். லினக்ஸிலும் பெரும்பாலும் அப்படித்தான். விண்டோஸ் என்றால், தாமதம் குறைவாகப் பதிவு செய்ய உதவும் ஏஎஸ்ஐஓ வகை டிரைவரை அந்தக் கருவிக்கென்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறாரா என்று கேளுங்கள். ‘ஏஎஸ்ஐஓ ஃபார் ஆல்’ என்ற இலவசப் பொதுவான டிரைவரை நிறுவிக்கொள்ளச் சொல்லும் கருவி என்றால் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். அது கெட்ட மென்பொருள் அல்ல. சொந்த டிரைவர் எழுதாத நிறுவனம் நாளைக்கு எதைக் கவனிக்கும் என்பதுதான் என் சந்தேகம்.

டிரைவர் இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் தாமதம். மைக்கில் போகும் குரல் கணினிக்குள் சுற்றி ஹெட்ஃபோனுக்குத் திரும்ப நேரமாகும். கணினி ஒலியைப் பஃபர் என்னும் சிறு கட்டுகளாக வாங்கிக்கொள்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள், அதாவது 256 ஒலி அளவீடுகள், கொண்ட கட்டு என்றால் 5.8 மில்லிசெகண்ட், போகவும் வரவும் சேர்த்தால் ஏறக்குறைய 12, அதற்கு மேல் டிரைவர் தனக்கென்று ரகசியமாக எடுத்துக்கொள்ளும் சில மில்லிசெகண்ட். நல்ல டிரைவர் 64, 128 என்று சிறிய கட்டிலும் சொடுக்கு ஒலி இல்லாமல் ஓடும். மோசமானது அங்கே வெடித்து, உங்களை 512-க்குத் துரத்தும்.

ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. ஆகவே 10 மில்லிசெகண்ட் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்பது போல. கிதார்காரர்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். பாடுகிறவருக்கு முடியாது, ஏனென்றால் தன் குரல் எலும்பு வழியாக உடனே காதுக்கு வந்துவிடுகிறது. பின்னாலேயே ஹெட்ஃபோனில் அதன் நகல் வரும்போது இரண்டும் மோதிக் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல் ஆகும். என் குரலே கெட்டுவிட்டது என்று சில வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். இதற்கு மருந்து டைரக்ட் மானிட்டர் பொத்தான்: கணினியைத் தொடாமல் மைக்கின் ஒலியை நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பிவிடும். அந்தப் பொத்தான் இல்லாத கருவியை வாங்காதீர்கள். வெறுமனே அழுத்தி எடுப்பதைவிட, மைக்கின் ஒலி எவ்வளவு, கணினியின் ஒலி எவ்வளவு என்று கலக்கும் திருகு இருந்தால் இன்னும் நல்லது.

192 கிலோஹெர்ட்ஸ் பற்றிச் சுருக்கமாக. மனிதக் காது கேட்பது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரை. 44.1-லேயே 22.05 வரை பதிவாகிவிடும். 192-இல் பதிவு செய்தால் 48-ஐப்போல நான்கு மடங்குக் கோப்பு. வௌவால் கேட்டு மகிழலாம். ஒவ்வொரு சாம்பிளையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறது என்பதில் 24 பிட்டை மட்டும் விடாதீர்கள். அது இருந்தால் உச்சம் -12 டெசிபல் அளவில் (0 தான் மேல்வரம்பு) நிற்கும்படி தாராளமாக இடம் விட்டுப் பதிவு செய்யலாம். பிறகு ஒலியைக் கூட்டினாலும் 24 பிட்டால் வரும் இரைச்சல் காதில் விழாது. யுஎஸ்பி-சி சாக்கெட்டைப் பார்த்தும் மயங்க வேண்டாம். அது செருகியின் வடிவம்தான். உள்ளே யுஎஸ்பி 2.0 இருந்தாலே, 44.1-இல் இரண்டு உள்ளீடும் இரண்டு வெளியீடும் அதன் நொடிக்கு 480 மெகாபிட்டில் நூறில் ஒரு பங்குதான் எடுக்கும்.

மைக்கும் கருவியும் ஜோடி சேர வேண்டும். கன்டென்சர் மைக் என்றால், கருவி கேபிள் வழியாக அனுப்பும் 48 வோல்ட் மின்சாரமான பான்டம் பவர் தேவை. இப்போது அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. சிக்கல் அந்த மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக்கில். ஷூர் எஸ்எம்7பி போன்றவை மிக மெல்லிய சமிக்ஞை தருபவை. சுமார் 60 டெசிபல் கெயின் (பெருக்கம்) கேட்கும். சிறிய கருவிகள் பல அதற்கு முன்பே மூச்சு வாங்கிவிடும். எனவே முதலில் மைக்கை முடிவு செய்துவிட்டு, கருவியின் அதிகபட்ச கெயினைப் பாருங்கள்.

கிதாரை நேராகச் செருகுவதற்கு ‘இன்ஸ்ட்’ என்றோ ‘ஹை-இசட்’ என்றோ குறித்த உள்ளீடு வேண்டும். எலெக்ட்ரிக் கிதாரின் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) ஒரு மெகாஓம் அளவு மின்மறுப்பை எதிர்பார்க்கிறது. சாதாரண லைன் உள்ளீடு 10 கிலோஓம்தான். அதில் செருகினால் உச்ச ஒலிகள் செத்து, தந்தியில் துணி சுற்றியது போலக் கேட்கும். பக்கத்திலேயே இருந்த சின்னப் பொத்தானை அழுத்தாமல் ஒரு முழுப் பாட்டை நான் இப்படிப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை.

இரைச்சல் வந்தால் கருவியைத் திட்டுமுன் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். அதோடு அந்த உறுமல் நின்றுவிட்டால் குற்றவாளி எர்த் வழியாக ஓடும் மின்சாரம்தான். கருவியில் மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல மூடிய ஹெட்ஃபோன் வாங்கி, சுவரில் தடித்த துணி தொங்கவிட்டால் கிடைக்கும் வித்தியாசத்தை எந்த விலையுயர்ந்த பிரீஆம்பும் தராது.

வாங்கிய முதல் வாரத்திலேயே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன், ஒரு சோதனை செய்துவிடுங்கள். கருவியின் வெளியீட்டிலிருந்து லைன் உள்ளீட்டுக்கு ஒரு கேபிள் போட்டு, எல்லா மானிட்டரையும் அணைத்துவிட்டு (இல்லாவிட்டால் ஒலி வட்டமடித்து அலறும்), ஒரு டிராக்கிலிருந்து ‘டக்’ என்ற ஒலியை ஓடவிட்டு இன்னொரு டிராக்கில் பதிவு செய்யுங்கள். பதிவான டக், மூல டக்கின் நேர் கீழே விழ வேண்டும். தள்ளி விழுந்தால் டிரைவர் தன் தாமதத்தைப் பதிவு மென்பொருளிடம் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். நீங்கள் அடுக்கும் ஒவ்வொரு டிராக்கும் அதே அளவு தள்ளிப் போகும். எத்தனை சாம்பிள் என்று எண்ணி மென்பொருளின் அமைப்பில் கையால் திருத்தலாம். நூற்றுக்கணக்கில் தள்ளியிருந்தால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இப்போது வைத்திருக்கும் இரண்டு உள்ளீட்டுக் கருவியில் அது 9 சாம்பிள். பழைய எட்டு உள்ளீட்டுக் கருவியில் எவ்வளவு என்று பார்த்ததே இல்லை; இனிப் பார்க்கவும் வழியில்லை, என் கணினிக்கு அதை அடையாளம் தெரிவதில்லை.